கண்ணில் விழும் பூ

'பூ' என்னும் ஓரெழுத்தொருமொழிக்கு மங்கலமல்லாத பொருளைத் தமிழிலே தேடிக் காண்பது அரிது. மங்கையர் குழலில் வைப்பதும் பூ. இறைவன் திருவடியில் இடுவதும் பூ. துருவிய தேங்காயையும் நம்மவர் தேங்காய்ப்பூ என்றே வழங்குவர். மாவும் தென்னையும் பூத்தன என்றாற் கேட்போர் உள்ளமும் உடன் பூக்கும். ஆயின், "இன்னாருக்குக் கண்ணிலே பூ விழுந்துவிட்டதாம்" என்று ஊரிற் சொல்லக் கேட்கும்போது மாத்திரம் நெஞ்சு துணுக்குறுகின்றது. சொல் அதுவே, பொருளோ பார்வை போயிற்று என்பது.

செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் கூறுதலை மங்கல வழக்கு என்பர் இலக்கண ஆசிரியர். கண்ணில் விழும் பூவையும் அவ்வழக்கிலே சேர்க்கலாம் என்பது என் கருத்து. உருவத்தாலும் அது பூவையே ஒக்கும். கரிய விழியின் நடுவே மல்லிகை அரும்பு போல ஒரு வெண்மை. நடு தடித்து, விளிம்பு கலங்கி, இதழ் விரிந்தாற்போல இருக்கும். புரை என்பது வேறு. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை முதுமையால் மங்குவது புரை. மங்கிய வில்லையை நீக்கி வேறொன்றை வைத்தல் இன்று கைதேர்ந்த வைத்தியர்க்கு எளிய தொழில். பூவோ கண்ணின் முன்வாயிலிலே புண் ஆறி விட்டுச்சென்ற தழும்பு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் கற்றாரிலும் பலர் உளர்.

அம்முன்வாயிலின் பெயர் விழிவெண்படலம். கைக்கடிகாரத்தின் முகத்திலே வளைந்த கண்ணாடி பொருந்தியிருப்பதுபோலக் கருவிழியின் முன்னே பொருந்தியிருக்கும் தெளிந்த படலம் அது. நடுவிலே அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். நிறமே இல்லாத ஒன்றுக்கு 'வெண்' என்னும் அடையைக் கலைச்சொல்லாக்கியோர் கொடுத்தமை எனக்கு உவப்பன்று. அது வெளுக்கும் நாள் கெட்ட நாள். உடம்பின் ஏனைய உறுப்புகளுக்கு உணவும் காவலும் குருதி வழியாக வருகின்றன. இப்படலத்திலோ குருதிக்குழாய் இல்லை. இருப்பின் ஒளி தடைபடும். காற்றிலிருந்து நேரே பிராணவாயுவைப் பெற்றுக் கண்ணீரிலே நனைந்து அது வாழ்கின்றது. ஆதலால், நோய்க்கிருமி ஒன்று உட்புகுந்துவிடின், எதிர்த்துப் போரிடும் குருதியணுக்கள் விளிம்பிலிருந்து நெடுவழி வந்து சேர வேண்டியிருக்கின்றது. வந்த படையும் பகைவனைத் துரத்தும் வேகத்தில் வீட்டையே கொளுத்திவிடுவதுண்டு. கிருமி செய்த கேட்டினும் அப்போர் விட்ட தழும்பு பெரிதாய் அமைந்து பார்வையை மறைத்தலும் உண்டு. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இப்படலத்துக்கு இயற்கை வைத்த முதற் காவல் கண்ணீர். அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் பெனிசிலினைக் கண்டது 1928இல் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்கு ஆறாண்டுகட்கு முன்னர், 1922இல், சில கிருமிகளின் சுவரைக் கரைக்கவல்ல லைசோசைம் என்னும் பொருள் கண்ணீரில் உண்டு என்று அவரே வெளியிட்டமையைப் பலர் அறியார். ஆய்வுக்குக் கண்ணீர் போதாமையால் எலுமிச்சஞ்சாற்றைக் கண்ணில் விட்டு அழச்செய்து சேர்த்தார்களாம். விஞ்ஞானத்தின் பொருட்டு அழுதவர்கள் என்று அவர்களை நாம் போற்றலாம்.

அக்காவல் உடைவது எங்கே? செல்வ நாடுகளிலே பெரும்பாலும் தொடுகை வில்லை அணிவோரின் கவனக்குறைவால். நம்மைப்போன்ற உழவர் நாடுகளிலே வயலில். அரிவு வெட்டும்போதும் சூடடிக்கும்போதும் நெல்லின் கூர்நுனியோ, உமியோ, தாளின் ஓரமோ கண்ணைக் கீறிவிடுகின்றது. கீறல் மேலோடு நின்றுவிட்டால் ஓரிரு நாளில் மேற்றோல் வளர்ந்து தானே மூடிக்கொள்ளும். கீறிய உமியோடு கிருமியும் புகுந்துவிட்டாலே புண். மதுரை மாவட்டத்திலே இதனை எண்ணிப் பார்த்து 1996இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்கு விழிப்புண் உண்டாகின்றது. அப்புண்களைச் சுரண்டி எடுத்து வளர்த்து நோக்கியவிடத்துப் பற்றீரியாவும் பங்கசும் ஏறத்தாழச் சமபங்கினவாய் இருந்தன. பங்கசு என்பது பாணிலே பூக்கும் பூஞ்சணத்தின் இனம். (இங்கும் பூ! தமிழ் விடாது.) அவற்றுள்ளும் பியூசேரியம் என்பதே தலையாயது. மண்ணிலும் பயிரிலும் வாழும் அது, உழவன் கண்ணுக்குள் வருவது தற்செயலாக. வந்தபின் மெல்ல மெல்லப் பரவுகின்றது. முதற் சில நாட்களில் வலியும் அளவோடுதான் இருக்கும். அதுவே அதன் வஞ்சனை.

இனி மருந்துக்கு வருவோம். கண்ணிலே ஏதேனும் பட்டால் தாய்ப்பால் பீச்சுதல், நந்தியாவட்டைப் பூவை நீரில் ஊறவிட்டு அந்நீரை விடுதல், தேன் தடவுதல், பச்சிலை பிழிதல் ஆகியவை நம்மூர்க் கைமருந்துகள். எங்கள் கல்லூரியிலே பண்டித வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் வன்னியிலே கமஞ்செய்பவர். சூடடிப்பில் அவர் கண்ணிலே உமி தெறித்தது. அயலார் ஒருவர் நல்லெண்ணத்தோடு இலையொன்றைக் கசக்கிப் பிழிந்துவிட்டார். மூன்றாம் நாள் கண் சிவந்து கூசியது. மருந்துக்கடை ஒன்றில், வைத்தியர் துண்டு இல்லாமலே, சொட்டுமருந்து வாங்கி விட்டார்கள். இரண்டு நாள் சிவப்புக் குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தனர். அம்மருந்திலே ஸ்ரெரொயிட் என்னும் பொருள் கலந்திருந்தது. அது சிவப்பையும் வலியையும் அடக்கும். உடம்பின் படையையும் உடன் அடக்கிவிடும். பங்கசுக்கு அதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது படலம் துளைத்திருந்தது. அக்கண் போயிற்று.

அம்மாணவர் சில கிழமை கழித்து வகுப்புக்கு வந்தார். பாடம் முடிந்தபின் என்னிடம், "ஐயா, அப்புவின்ரை கண்ணைக் கெடுத்தது அந்தப் பச்சிலையோ, கடை மருந்தோ?" என்று கேட்டார். கேள்வி என்னை விடவில்லை. ஊரிலே இக்கேள்விக்கு இரு கட்சியார் உளர். "இயற்கை மருந்து ஒருகாலும் தீங்கு செய்யாது, இங்கிலீசு மருந்தே கெடுத்தது" என்பார் ஒரு கட்சி. "பச்சிலை என்பதே மூடத்தனம்" என்பார் மறு கட்சி. மருத்துவம் பயிலாத யான் இரு கட்சியாரின் நூல்களையும் கட்டுரைகளையும் தேடி வாசித்தேன். தெரிந்த வைத்தியர்களைக் கேட்டுத் தெளிந்தேன். வாசிக்க வாசிக்க, இரு கட்சியாரும் கேள்வியையே பிழையாகக் கேட்கின்றனர் என்பது எனக்குப் புலனாயிற்று.

பச்சிலையின் குற்றம் முதலில். தன்சானியா நாட்டிலே விழிப்புண்ணோடு வந்தவர்களை விசாரித்து 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, அவர்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் நாட்டுமருந்தைக் கண்ணில் விட்டவர்களாய் இருந்தனர். இலையிலே நற்குணம் இருக்கட்டும்; அதன் மேலே மண்ணும் பங்கசின் வித்தும் இருக்கின்றன; பிழிந்த கையிலே பற்றீரியா இருக்கின்றது; சில இலைச்சாறுகள் படலத்தையே அரிக்கும் காரம் உடையன. கீறிய கண்ணிலே அதனைப் பிழிதல், உடைந்த கதவினூடே கள்வனுக்கு விளக்குப் பிடித்தல் போலாம். தேனுக்கும் இது பொருந்தும். தேனுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது மெய். நியூசிலாந்தின் மனுக்காத் தேனிலே அவ்வாற்றலைத் தருவது மெதயில்கிளையொட்சல் என்னும் பொருள் என்று 2008இல் நிறுவினர். ஆயினும் வைத்தியத்துக்கு எடுக்கும் தேனைக் கதிர்வீச்சினாலே தூய்மைசெய்த பின்னரே பயன்படுத்துவர். போத்தலிலே தோட்டத்துத் தேன் தூய்மை செய்யப்படாதது. வித்துக்கள் உறங்கும் இடம்.

இதனைக் கொண்டு பழைய நூல்களைப் பழித்தல் தகாது. கைமருந்து வேறு, நூல்மருந்து வேறு. சுசுருதர் கண்ணோய்களை 76 என வகுத்துக் கருவிழிப் பகுதிக்குரியவை நான்கு என்றார். அந்நான்கனுள், புண்ணோடு கூடிய வெண்மையை ஒன்றாகவும் புண்ணில்லாத வெண்மையை வேறொன்றாகவும் பிரித்துக் காட்டினார். புண் வேறு, அது ஆறியபின் எஞ்சும் பூ வேறு என்று உணர்ந்த கண் அது. தமிழிலே நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயன விதி கண்ணோய்களை 96 என்னும். சித்த மருத்துவர் புறமருந்து முப்பத்திரண்டு என வகுத்து, அவற்றுள் கலிக்கம், மை முதலியவற்றைக் கண்ணுக்கென வைத்தனர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலே பரராசசேகரம் என்னும் வைத்திய நூல் எழுந்தது. அம்மரபிலே மருந்தை அப்படியே எடுத்து இடுதல் இல்லை. சுத்திசெய்தல், வடித்தல், அரைத்தல், அளவறிதல், பத்தியம் என்று முறைகள் பல. வேலியிற் பறித்த இலையை நின்றநிலையிற் பிழிபவர் அம்முறையை அறியாதவர். அவர் செயலுக்கு முனிவர்மேற் பழி சுமத்துவது எவ்வாறு முறையாகும்?

மரமஞ்சளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இமயமலைச் சாரலிலே வளரும் மரமஞ்சளின் வேரையும் பட்டையையும் காய்ச்சி இறுக்கிய குழம்பை ரசாஞ்சனம் என்பர். கண்ணுக்கு இடும் பழைய மருந்து. கிரேக்கர் இதனை லூக்கியன் என்றனர். சிந்து நதி முகத்திலிருந்து கப்பலேறிய பண்டங்களுள் இதுவும் ஒன்று என்று செங்கடற் பயணநூல் கூறும். இந்தியாவிலிருந்து வருவதே சிறந்தது என்றார் தியொஸ்கொறிடீஸ் என்னும் பண்டை மருத்துவர். அம்மருந்தின் பெயர் பொறித்த சின்னஞ்சிறு மட்குடுவைகள் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. பெருவிரல் அளவான குடுவைகள் என்றால், உள்ளே இருந்த பண்டத்தின் விலையை உய்த்துணரலாம். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள் பேபெரின். இலங்கைக் காடுகளிலே கொடியாய்ப் படரும் மரமஞ்சளிலும் அதுவே உண்டு. சிங்கள மக்கள் வெனிவெல் என்று காய்ச்சிக் குடிப்பது இதனையே. பேபெரினைத் தனியே பிரித்துச் சொட்டுமருந்தாக்கி இந்தியாவிலே திறகோமா என்னும் கண்ணோய்க்குக் கொடுத்துப் பார்த்தனர். முடிபு 1982இல் வெளிவந்தது. ஒப்பிடப்பட்ட சல்பா மருந்து அறிகுறிகளை விரைந்து தணித்தது. பேபெரின் மெல்லத் தணித்தது. ஆயின் அதனைப் பெற்றவர்க்கு நோய் திரும்பி வரவில்லை. எனினும் திறகோமா பெரும்பாலும் இமையின் உட்புறத்து நோய், ஆய்வும் சிறியது. விழிப்புண்ணுக்கு அது மருந்து என்று அதிலிருந்து கொள்ளல் மிகை.

அங்ஙனமாயின், விழிப்புண்ணை உண்மையாகவே ஆற்றும் இயற்கைப் பொருள் ஒன்றேனும் உண்டோ எனின், உண்டு. அதன் கதையே இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டியது.

தென்னாபிரிக்காவில் நேற்றால் மாகாணத்திலே பீற்றர்மரிற்ஸ்பேக் என்னும் நகரத்தை அடுத்து ஒரு பிடி மண் எடுக்கப்பட்டது. அது ஒல்லாந்திலே டெல்வ்ற் நகரிலிருந்த, நொதியும் மதுசாரமும் ஆக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தை அடைந்தது. 1955இல், அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று தன் பகையாகிய பங்கசுகளை ஒடுக்குதற்குச் சுரந்த பொருளை அங்கே பிரித்தெடுத்தனர். நகரத்தின் பெயரால் முதலிலே பிமரிசின் என்றும், மாகாணத்தின் பெயரால் பின்னர் நற்றமைசின் என்றும் அது பெயர்பெற்றது. பங்கசின் உயிரணுவைச் சூழ்ந்த மென்றோலிலே ஏகொஸ்திரோல் என்னும் கொழுப்பு உண்டு. மனித உயிரணுவில் அது இல்லை, அதற்கு ஈடாகக் கொலத்திரோல் உண்டு. நற்றமைசின் ஏகொஸ்திரோலைத் தேடிப் பற்றிக்கொள்கின்றது. பங்கசு வளர்ச்சி குன்றுகின்றது. நம் கண் பெரிதும் தப்புகின்றது. பாலாடைக்கட்டியின் மேலே பூஞ்சணம் பிடியாதிருக்கப் பூசுவதும் இதுவே. 1978இல் அமெரிக்க அரசு இதனைக் கண்மருந்தாக ஏற்றது.

நூற்றுக்கு ஐந்து பங்காக நீரிலே கலந்த வெண்குழம்பு அது, கரைவதில்லை, ஒவ்வொரு முறையும் குலுக்கி விடவேண்டும். படலத்தின் ஆழத்துக்கு எளிதிற் புகுவதும் இல்லை. இக்குறைகளைக் கண்டு, 'பழைய மருந்து' என்று இதனை ஒதுக்கும் மனப்பான்மை வைத்தியர் சிலரிடத்தே தோன்றிற்று. வொரிக்கொனசோல் என்னும் புதுமருந்து 2002இல் வெளிவந்தது. அது மனிதர் ஆய்வுகூடத்திலே வகுத்து அமைத்த பொருள், ஆழப் புகுவது, விலையும் உயர்ந்தது. எது சிறந்தது? வழக்குத் தமிழ்நாட்டிலே தீர்க்கப்பட்டது. 1976இல் மருத்துவர் வெங்கடசாமி மதுரையிலே பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை இன்று பல கிளைகளோடு விளங்குகின்றது. அங்கே 2010 தொடக்கம் 2011 முடிய, பங்கசினால் விழிப்புண் கொண்ட 323 பேரைத் திருவுளச்சீட்டு முறையாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நற்றமைசினும் மறுசாராருக்கு வொரிக்கொனசோலும் கொடுத்தனர். எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், அளந்தவரும் அறியார். மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது நற்றமைசின் பெற்றவரே மேம்பட்டிருந்தனர். படலம் துளைத்தலும் அவர்களிடையே குறைவு. பியூசேரியம் பிடித்தவர்களிலோ வேறுபாடு மிகப் பெரிது: கண் வைத்தியர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகையிலே ஏறத்தாழ நான்கு வரி. ஏனைய பங்கசுகளில் இரண்டு மருந்தும் ஏறத்தாழ ஒன்றே. 2013இல் முடிபு வெளியானது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் நற்றமைசினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே சேர்த்தது.

இயற்கைக் கட்சியார் இதனைக் கேட்டுக் கைதட்டுவர். தட்டுக, ஆயின் ஒன்று நோக்குக. அவ்வுழவர்களின் கண்ணைக் குத்திய நெல்லும் இயற்கை. உட்புகுந்த பியூசேரியமும் இயற்கை. ஆற்றிய நற்றமைசினும் இயற்கை. மண்ணிலிருந்தே நோயும் மருந்தும் வந்தன. யாரேனும் அந்நேற்றால் மண்ணையே குழைத்துக் கண்ணிற் பூசியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்! மண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே பிரித்தல், தூய்மைசெய்தல், அளவறிதல், 323 பேரிடத்தே ஒப்புநோக்கல் ஆகிய நெடுவழி ஒன்று உண்டு. புதுமருந்துக் கட்சியாருக்கும் அவ்வழியே விடைசொல்லிற்று. ஆழப் புகுவதே வெல்லும் என்று நூலறிவு சொல்லியது. நோயாளியின் கண் வேறு சொல்லியது.

பெனிசிலினுக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்திலே சிசில் பெயின் என்னும் இளம் வைத்தியர், பிளெமிங்கிடம் பெற்ற பூஞ்சணத்தை வளர்த்து, அதன் வடிநீரைக் கண்ணோய்க்குப் பயன்படுத்தினார். 1930 நவம்பரிலே, பிறந்தவுடன் கண் சீழ்பிடித்த குழந்தைகள் அதனாற் குணமடைந்தனர். நிலக்கரிச் சுரங்க முகாமையாளர் ஒருவர் கண்ணிலே கல் தெறித்துப் புண்பட்டு நியூமோக்கொக்கசு என்னும் கிருமி பெருகியிருந்தது. அவ்வடிநீராற் கிருமி அகன்றபின் கல்லை எடுத்துப் பார்வையைக் காத்தனர். பெனிசிலினால் நோய் நீங்கியதற்கு எழுத்திலே எஞ்சியுள்ள முதற் சான்று கண்ணைப் பற்றியதே. ஆயின் பெயின் அதனை வெளியிடவில்லை. வேறு துறைக்குச் சென்றுவிட்டார். அவருடைய வைத்தியக் குறிப்புகள் 1980களிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன. எழுதி வைத்தும் வெளியிடாத புலமை ஏட்டுப் பெட்டிக்குள் இருந்த சங்க நூல்களை நினைவூட்டுகின்றது. உலகம் அறியாத மருந்து நோயாளிக்கு எவ்வாறு எட்டும்?

ஏடு என்றவுடன் மொழியாசிரியர் மகிழத்தக்க செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. பத்தாம் நூற்றாண்டிலே பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வைத்தியச் சுவடி ஒன்று பிரித்தானிய நூலகத்தில் உளது. இமைக்கட்டிக்கு அது ஒரு மருந்து கூறும்: உள்ளியையும் அவ்வினத்துக் கிழங்கு ஒன்றையும் இடித்து, முந்திரிகை மதுவும் எருதின் பித்தும் சேர்த்து, பித்தளைக் கலத்திலே ஒன்பது இரவு வைத்து வடித்தெடுக்க என்பது முறை. நொட்டிங்காம் பல்கலைக்கழகத்திலே அம்மொழி கற்ற பேராசிரியை ஒருவரும் நுண்ணுயிர் அறிஞரும் கூடி, சுவடியிற் கண்டவாறே சமைத்து 2015இல் சோதித்தனர். பல மருந்துக்கும் அடங்காத பற்றீரியாவை அது பெருமளவில் அழித்தது. வியப்பு யாதெனின், ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே இட்டபோது அவ்வாற்றல் காணப்படவில்லை. சொல்லுக்குப் பொருள் காண்பதில் ஒன்று தவறியிருப்பினும் மருந்து பிழைத்திருக்கும். பாட பேதம் பார்ப்பதை வீண்வேலை என்று நகைக்கும் விஞ்ஞான மாணவர்க்கு யான் இக்கதையைச் சொல்வதுண்டு. (வீட்டிலே உள்ளியை இடித்துக் கண்ணில் விடற்க! அங்கே மருந்து ஆய்வுகூடக் கலத்திலும் எலியின் புண்ணிலுமே சோதிக்கப்பட்டது.)

இன்று ஆய்வாளர் நாடும் பொருள்கள் பல நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ளவை. மஞ்சளின் குர்க்குமின், கராம்பின் இயூஜினோல், ஓமத்தின் தைமோல், தேயிலையின் துவர்ப்பொருள் ஆகியவற்றைச் சீனத்து ஆய்வாளரும் பிறரும் எலிகளின் விழிப்புண்ணிலே சோதித்து வருகின்றனர். அதிமதுரத்தின் கிளிசரைசினை அமெரிக்காவிலே டிற்றொயிற் நகரத்தார் எலிகளில் ஆராய்ந்தனர். முன்னர்க் கூறிய படையின் கதை ஈண்டு வேண்டப்படும். வழக்கமான மருந்து கிருமியை மாத்திரம் கொல்லும். வீட்டைக் கொளுத்தும் படை தொடர்ந்து கொளுத்தும். கிருமி மாண்டபின்னும் பூ விழும். ஸ்ரெரொயிட் படையை அடக்கும், கிருமியை வளரவிடும். கிளிசரைசின் முதலியவை கிருமியைக் குறைத்து, அதனோடு படையின் வெறியையும் தணிக்கின்றன என்பது எலிகளிற் கண்டது. மனிதர் கண்ணிலும் அது மெய்யாகுமேற் பெரும்பேறு. இடையே தடைகள் உள. குர்க்குமின் நீரிற் கரைவதில்லை. கண்ணீரோ விட்ட மருந்தைச் சில நிமிடங்களில் கழுவிவிடும். எலியின் விழி மனித விழியன்று. நற்றமைசின் நடந்த வழியை இவை இன்னும் நடக்கவில்லை. 'அதிமதுரம் கண்புண்ணை ஆற்றுமென விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்திலே வரும் தலைப்புகளைக் காணும்போது 'எலிக்கு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து வாசித்தல் நன்று.

மருந்தினும் காலம் பெரிது என்பதற்கு நேபாளத்திலே பக்தபூரிற் செய்த ஆய்வு சான்று. ஊர்த் தொண்டர்களைப் பயிற்றி, கண்ணிற் கீறல்பட்ட எவரும் உடனே அவர்களிடம் வரவேண்டும் என்று அறிவித்தனர். வந்தவர்க்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மும்முறை மூன்று நாள் இட்டனர். அதுவும் மண் தந்த மருந்தே: வெனிசுவேலாவிலே கரகாஸ் நகரை அடுத்த வயல்மண்ணின் நுண்ணுயிரிலிருந்து 1947இல் கண்டது. இரண்டே ஆண்டில் அதனைச் செயற்கையாக ஆக்கக் கற்றனர், இன்று விற்பது தொழிற்சாலையில் ஆக்கியது, மூலக்கூறு அதுவே. அக்களிம்பை இயற்கை என்பதா, செயற்கை என்பதா என்று இரு கட்சியாரும் வழக்காடிக்கொண்டிருக்கட்டும். கீறல்பட்டு வந்த 442 பேரில் 424 பேர் புண்ணின்றிக் குணமடைந்தனர். பதினெட்டு மணி நேரத்துள் வந்த 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 மணிக்கும் 24 மணிக்கும் இடையே வந்த 109 பேரில் 4 பேருக்கு உண்டாயிற்று. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்தவர் 49 பேர்; அவருள் 14 பேருக்குப் புண். 2001இல் வெளியான கணக்கு இது. பின்னர் அந்நாட்டிலேயே பல ஊர்களைச் சேர்த்து நடத்தி 2022இல் வெளியிட்ட பெரிய ஆய்விலே, தொண்டர் பணிசெய்த ஊர்களிற் புண்களின் தொகை ஏனைய ஊர்களினும் குறையவில்லை. ஆகவே களிம்பை மந்திரம் என்று கொள்ளல் ஆகாது. எனினும் கீறல்பட்ட கண்ணைத் தூய நீராற் கழுவி, வேறெதனையும் விடாது, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் எளிது. அரிவு வெட்டுக்கும் சூடடிப்புக்கும் போகும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் அதனினும் எளிது.

பூ விழுந்துவிட்டாலோ இலையும் இல்லை, மண்ணும் இல்லை, களிம்பும் இல்லை. மங்கிய படலத்தை வெட்டி நீக்கி, இறந்த ஒருவரின் தெளிந்த படலத்தைப் பொருத்துவதே வழி. அத்துறையிலே இலங்கைக்கு உலகிலே ஒரு பெயர் உண்டு. கண்தானம் செய்க என்று மக்களிடம் வேண்டிநின்ற மருத்துவர் ஹட்சன் சில்வா, 1960இல் தம் தாயார் மறைந்தபோது அவர் விழிப்படலத்தை ஏழை உழவர் ஒருவருக்குப் பொருத்துவித்தார். அடுத்த ஆண்டிலே கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல், பனிக்கட்டி இட்ட தேமஸ் குடுவையிலே வைத்து, இத்தீவின் விழிப்படலங்கள் முதன்முறையாகக் கடல் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றன.